நீல மூக்குத்தியின் பயணம்

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் மூக்குத்தி போலத்தான் இருக்கிறது. தங்கப் பூச்சுள்ள வட்டமான அடித்தட்டு, அதன்மேல் ஒரு சிறு தொப்பி, தொப்பியின் நடுவே பொட்டளவு கண்ணாடிச் சாளரம். திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய கம்பிக் கால்கள். அடித்தட்டின் குறுக்களவு 5.6 மில்லிமீட்டர், ஒரு மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. இதற்கு ஏறத்தாழ நாலரை வோல்ட்டில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் கொடுத்தால், அந்தப் பொட்டின் வழியே ஏறத்தாழ ஒரு வாட் நீல லேசர் ஒளி வெளியே வரும்.

ஒரு வாட் என்பது படுக்கையறை இரவு விளக்கின் அளவுதானே என்று தோன்றும். இரவு விளக்கு தன் ஒளியை அறை முழுக்க இறைத்துவிடுகிறது. இதுவோ மொத்த ஒளியையும் ஒரே கதிராகத் திரட்டி ஒரு புள்ளியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வகுப்பில் கரும்பலகையைச் சுட்டும் லேசர் பேனாவுக்கு அமெரிக்கா வைத்திருக்கும் எல்லை 5 மில்லிவாட். இந்த மூக்குத்தி அதைப்போல 200 மடங்கு. லென்ஸ் வைத்துக் குவித்தால் கறுப்புத் தாள் புகையும், தீக்குச்சி பற்றும், மரப்பலகையில் எழுத்து பதியும்.

இதை விலைக்கு வாங்கி வீட்டு மேசையில் வைத்து எதையாவது செய்துபார்க்கிற ஆட்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எனக்குப் புலப்பட்டது ஒன்றுதான். பிறந்த நாளிலிருந்தே இந்தப் பொருளைச் சுற்றிக் காப்புகளாகக் கட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். படிகத்துக்கு ஒரு காப்பு, சூட்டுக்கு ஒன்று, மின்னோட்டத்துக்கு ஒன்று, பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்று. நம் மேசைக்கு வந்துசேரும்போது அவற்றில் பெரும்பாலானவை கழன்று போயிருக்கின்றன. கழன்றவற்றைத் திரும்பக் கட்டித் தருவதே டையோடு வாங்குபவரின் முதல் வேலை. கதிரைப் பார்த்து வியப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

முன்னோர்

1960 மே 16-ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் ஒரு செம்மணிப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை வரவழைத்தார். இரண்டே ஆண்டுகளில், 1962-இல், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் ஹால் அதே வேலையைக் குறைக்கடத்தித் துண்டு ஒன்றில் செய்துகாட்டினார். காலியம் ஆர்சனைடு என்ற படிகம் அது. மின்சாரம் நேராக லேசர் ஒளியாக மாறியது. ஆனால் அந்தத் துண்டைத் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது. மின்னோட்டத்தையும் மிகக் குறுகிய துடிப்புகளாகத்தான் கொடுக்க முடிந்தது. தொடர்ந்து கொடுத்தால் தன் சூட்டிலேயே வெந்துபோகும்.

அறை வெப்பத்தில் தொடர்ந்து எரியும் லேசர் டையோடு கிடைத்தது 1970-இல். லெனின்கிராடில் ஷோரெஸ் அல்ஃபெரோவின் குழுவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இசுவோ ஹயாஷி, மார்ட்டன் பானிஷ் இருவரும் அந்த ஆண்டு அதைச் செய்தார்கள். ஒளி பிறக்கும் மெல்லிய அடுக்கை வேறொரு படிகத்தாலான இரண்டு அடுக்குகளுக்கு நடுவே வைத்தார்கள். மின்னேற்றங்கள் நடு அடுக்கைவிட்டு வெளியே சிதறாமல் அங்கேயே தேங்கின. ஒளியும் அங்கேயே அடைபட்டது. குறைந்த மின்னோட்டத்தில் அதிக ஒளி கிடைத்தது, சூடு குறைந்தது. இந்த டையோடுக்கு மனிதர் கட்டிய முதல் காப்பு என்று இதைத்தான் சொல்வேன்.

சி.டி. பிளேயரில் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு, டி.வி.டி.யில் 650 நானோமீட்டர் சிவப்பு என்று இந்தக் குடும்பம் வீடுகளுக்குள் நுழைந்தது. நீலம் மட்டும் வரவில்லை. நீல ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் ஆற்றல் அதிகம் தேவை. அந்த ஆற்றலைத் தரவல்ல காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்க்க எவராலும் முடியவில்லை.

அனான்

ஜப்பானின் ஷிகோகு தீவில், டோகுஷிமா மாவட்டத்தில் அனான் என்றொரு ஊர். நொபுவோ ஒகாவா அங்கே 1956-இல் தொடங்கிய நிச்சியா நிறுவனம், குழல் விளக்குகளுக்கும் தொலைக்காட்சித் திரைகளுக்கும் ஒளிரும் பொடி செய்து விற்றுவந்தது. 1979-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஷுஜி நகமுரா.

நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமானோவும் நீலத்துக்கு ஏற்கெனவே பாதி வழி போட்டிருந்தார்கள். காலியம் நைட்ரைடை நீலக்கல் தகட்டின்மேல் வளர்ப்பார்கள். நீலக்கல் என்றதும் நகைக்கடை நீலம் நினைவுக்கு வரும். ஆய்வகத்தில் பயன்படுவது நிறமில்லாத தூய கல். கல்லின் அணு அடுக்கும் நைட்ரைடின் அணு அடுக்கும் ஒன்றோடொன்று பொருந்தாததால் படிகம் முழுக்க விரிசலும் பிசகுமாக வளரும். இடையே ஒரு மெல்லிய தாங்கல் அடுக்கை வைத்தால் நல்ல படிகம் வளர்கிறது என்று அவர்கள் 1986-இல் காட்டினார்கள். 1989-இல் அந்தப் படிகத்தில் நேர்மின் வகை அடுக்கையும் உண்டாக்கினார்கள்.

நகமுரா தன் உலையைத் தானே மாற்றிக் கட்டினார். தகட்டுக்கு இணையாக ஒரு வாயு ஓட்டம். மேலிருந்து கீழ்நோக்கி அதை அழுத்தித் தகட்டோடு ஒட்டவைக்கும் இன்னொரு வாயு ஓட்டம். ஆயிரம் டிகிரிச் சூட்டில் மேலே கிளம்பிப் போய்விடும் வாயு, இந்த அழுத்தத்தால் தகட்டின்மேலேயே படிந்து படிகமானது. 1993-இல் பளிச்சென்ற நீல எல்.இ.டி. வெளிவந்தது. 1995-இன் கடைசியில் துடிப்பு முறையில் நீல-ஊதா லேசர். அடுத்த ஆண்டு அறை வெப்பத்தில் தொடர்ந்து ஒளிர்ந்தது. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது நீல எல்.இ.டி.க்காக.

தொடர்ந்து ஒளிர்ந்த அந்தத் தொடக்ககால லேசர்களில், ஆயுளோடு சேர்த்து அறிவிக்கப்பட்ட ஒன்று 27 மணி நேரம் தாங்கியது. 27 மணி நேரம்! படிகத்துக்குள் சதுர சென்டிமீட்டருக்குக் கோடிக்கணக்கில் பிசகுக் கோடுகள் இருந்தன. எல்.இ.டி. அவற்றைப் பொறுத்துக்கொண்டது, அடர்ந்த மின்னோட்டத்தில் வேலை செய்யும் லேசரால் பொறுக்க முடியவில்லை. படிகத்தைப் பட்டை பட்டையாக மறைத்து, இடைவெளிகளிலிருந்து பக்கவாட்டில் வளரவிட்டுப் பிசகுகளைக் குறைத்த பிறகுதான், 1997 முடியும் வேளையில் 10,000 மணி நேர ஆயுளை எதிர்பார்க்க முடிந்தது. என் மேசைக்கு வரும் ஒவ்வொரு டையோடையும் கையில் எடுக்கும்போது அந்த 27 மணி நேரம் எனக்கு நினைவுக்கு வரும்.

புரொஜக்டருக்குள் குடித்தனம்

2006-இல் புளூ-ரே வந்தபோது 405 நானோமீட்டர் ஊதா டையோடு கடைக்கு வந்தது. நம் கதாநாயகன், 445 நானோமீட்டர் நீலம், வீட்டுமேசைக்கு வந்த வழி வேறு. 2010-இன் தொடக்கத்தில் கேசியோ நிறுவனம் பாதரச விளக்கே இல்லாத எக்ஸ்ஜே-ஏ வரிசைப் புரொஜக்டர்களை அறிமுகம் செய்தது. வகுப்பறைக்கும் அலுவலகக் கூட்ட அறைக்குமான தட்டையான பெட்டி. உள்ளே 24 நீல லேசர் டையோடுகள் அணிவகுத்து நின்றன. அவற்றின் ஒளியில் ஒரு பங்கு நீல நிறமாகவே திரைக்குப் போகும். இன்னொரு பங்கு சுழலும் சக்கரத்தில் பூசிய ஒளிரும் பொடியில் பட்டுப் பச்சையாகும். சிவப்புக்கு மட்டும் தனி எல்.இ.டி. ஒளி மூலத்துக்கு 20,000 மணி நேர ஆயுள் சொன்னார்கள். பாதரச விளக்கை அதற்குள் எத்தனையோ முறை மாற்றியிருக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் டையோடு எப்படி வாழ்ந்தது என்று கவனியுங்கள். கனத்த உலோகக் கட்டையில் இறுக்கமாகப் பதித்திருந்தார்கள். பின்னால் சூட்டை வாங்கும் தகடுகள், அவற்றின்மேல் விசிறிக் காற்று. இவ்வளவுதான் என்று மின்னோட்டத்தை அளந்து ஊட்டும் சர்க்யூட். ஒவ்வொரு டையோடின் முன்னாலும் ஒரு லென்ஸ். கதிர் வெளியே எட்டிப்பார்க்க முடியாதபடி மூடிய பெட்டி. திரையில் விழும்போது ஒளி பரவிச் சாதுவாகிவிடும். ஆசிரியை அதன் பக்கத்தில் நின்று பாடம் நடத்தலாம். குழந்தைகள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உள்ளே 24 லேசர்கள் இருப்பது எவருக்கும் தெரியவேண்டிய தேவையே இல்லை.

அந்த ஆண்டே பொழுதுபோக்கு லேசர்காரர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த டையோடுகளைச் சில்லறையில் வாங்கும் விலையை 24-ஆல் பெருக்கினால் புரொஜக்டரின் விலையைத் தாண்டியது. ஆகவே புத்தம்புதுப் புரொஜக்டரை வாங்கி, திருகுகளைக் கழற்றி, டையோடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தபாலில் விற்றார்கள். ஏ140 மாடலிலிருந்து எடுத்ததற்கு ஏ140 டையோடு என்றே பெயர் நிலைத்தது. பின்னால் வந்த எம்140 மாடலிலிருந்து எடுத்தது எம்140. அது ஏறத்தாழ இரண்டு வாட் வரை கொடுத்தது. அடுத்து 9 மில்லிமீட்டர் அடித்தட்டுள்ள பெரிய டையோடுகள் வந்தன. அவற்றில் என்யுபிஎம்44 என்பது 6 வாட் அளவுக்குத் தரும்.

பிடுங்கி எடுத்த கணத்தில் டையோடு எதையெல்லாம் இழந்தது? உலோகக் கட்டை போயிற்று, விசிறி போயிற்று, மின்னோட்டத்தை அளந்த சர்க்யூட் போயிற்று, லென்ஸ் போயிற்று, பெட்டி போயிற்று. தங்கத் தட்டும் கம்பிக் கால்களும் மட்டும் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் கடல் கடந்து வந்தன.

எதை வாங்குவது

எத்தனை வாட் என்று தொடங்கினால் தவறான இடத்தில் போய் நிற்போம். என்ன வேலைக்கு என்றுதான் தொடங்கவேண்டும்.

மரத்திலும் தோலிலும் எழுத்துச் சுடுவதற்கு நீலம். கொடுக்கிற காசுக்கு மிகுதியான வாட் கிடைப்பது 445 முதல் 455 நானோமீட்டர் டையோடுகளில்தான். கதிர் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியவேண்டும் என்றால் பச்சை, 520 நானோமீட்டர். மனிதக் கண் பச்சையில்தான் கூர்மை. ஒரே வாட்டில் 445 நானோமீட்டர் நீலத்தைவிடப் பச்சை இருபது மடங்குக்கும் மேல் வெளிச்சமாகத் தெரியும். இந்த உண்மைக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நீலக் கதிர் மங்கலாகத் தெரிகிறதே என்று நம்பினால் கண் போய்விடும். விழித்திரைக்குத் தெரிகிற வெளிச்சம் வேறு, அதன்மேல் விழுகிற வாட் வேறு.

638 நானோமீட்டர் சிவப்புக்கு வோல்டேஜ் குறைவு, இரண்டிலிருந்து இரண்டரைக்குள். ஆனால் சூடு ஏறினால் நீலத்தைவிட வேகமாகச் சோர்ந்துபோகும். 405 நானோமீட்டர் ஊதாவும் 808, 980 நானோமீட்டர் அகச்சிவப்பும் முதன்முதலாகச் செய்பவருக்கு வேண்டாம் என்பேன். முதலாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மற்றவை அறவே தெரியா என்றே வைத்துக்கொள்ளலாம். தெரியாத கதிருக்கு இமை மூடாது.

விளம்பரத்து வாட்டையும் எச்சரிக்கையாகப் படிக்கவேண்டும். மரத்தில் எழுதும் லேசர் எந்திரங்களில் 40 வாட் என்று பெரிதாக அச்சிட்டு, அது எந்திரம் குடிக்கும் மின்சாரம் என்பதை மறைத்து விற்றது வழக்கமாக இருந்தது. ஒளியாக வெளியே வருவது அதில் சிறு பங்கு. ஒற்றை டையோடு தரக்கூடியது ஐந்தாறு வாட்தான். 10 வாட் என்றால் இரண்டு டையோடுகளின் கதிரைச் சேர்த்திருப்பார்கள். 20 வாட் என்றால் நான்கு. ஒளி வாட் எவ்வளவு, எத்தனை டையோடு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாத விற்பனையாளரிடம் வாங்கவேண்டாம்.

வாட் கூடக்கூடக் கதிரின் வடிவமும் மாறும். ஒளி பிறந்து வெளியேறும் முகம் ஒரு மைக்ரான் அளவு உயரமும் அதைப்போலப் பல மடங்கு அகலமும் கொண்ட சன்னமான கோடு. அதிக வாட் வேண்டுமென்றால் அந்தக் கோட்டை அகலப்படுத்துகிறார்கள். அதனால் தூரத்தில் விழும் புள்ளி உருண்டையாக இல்லாமல் பட்டையாக விழும். நுணுக்கமாக எழுத நினைப்பவருக்கு 6 வாட் பட்டையைவிட 2 வாட் புள்ளி நன்றாக எழுதித் தரும்.

ஊட்டுவது எப்படி

லேசர் டையோடுக்கு வோல்டேஜைக் கணக்கிட்டு ஊட்டக்கூடாது. கரண்ட்டைக் கணக்கிட்டு ஊட்டவேண்டும். இந்தத் தொழிலின் பாலபாடம் இது.

சாதாரண பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் கூடினால் கரண்ட்டும் கொஞ்சம்தான் கூடும். டையோடில் பத்தில் ஒரு வோல்ட் கூடினாலே நூறு, இருநூறு மில்லிஆம்பியர் ஏறிவிடும். கரண்ட் ஏறினால் சூடு ஏறும். சூடு ஏறினால் அதே வோல்டேஜில் டையோடு இன்னும் அதிகக் கரண்ட்டை உள்ளே இழுக்கும். அது மேலும் சூடாக்கும். இந்தச் சுழலுக்குள் விழுந்த டையோடு பிழைப்பது அரிது. ஆகவே எது நடந்தாலும் ஒரே அளவு கரண்ட்டைத் தரும் டிரைவர் சர்க்யூட் வேண்டும்.

எளிய டிரைவரை எல்எம்317 என்ற மூன்று கால் ஐ.சி.யை வைத்தே கட்டலாம். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். அதன் வெளியேறும் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட்டைக் காத்துக்கொள்வது அதன் இயல்பு. அந்த இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரை வைத்து, அதன் வழியாக டையோடுக்குக் கரண்ட் போகும்படி செய்தால் போதும். 1.25-ஐ ஓமால் வகுத்தால் ஆம்பியர். 1.2 ஓம் வைத்தால் ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல். ரெசிஸ்டரிலேயே ஒன்றேகால் வாட் சூடாக மாறும் என்பதால் கால் வாட் குச்சி ரெசிஸ்டர் தாங்காது. 3 வாட், 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் வேண்டும்.

வோல்டேஜ் கணக்கையும் பார்த்துவிடவேண்டும். டையோடுக்கு 4.5, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி. தன் பங்குக்குக் கேட்பது இரண்டுக்கும் மேல். கூட்டினால் எட்டை ஒட்டி வரும். 9 வோல்ட் அடாப்டர் போதும். 12 வோல்ட் கொடுத்தாலும் டையோடுக்கு அதே ஓர் ஆம்பியர்தான் போகும், மிச்சமெல்லாம் ஐ.சி.யின் தலையில் சூடாக இறங்கும், ஆறு வாட்டுக்கும் மேல். ஒன்றரை ஆம்பியருக்கு மேல் எல்எம்317 உதவாது. பெரிய டையோடுகளுக்கும், ஒற்றை லித்தியம் பேட்டரியில் ஓடவேண்டியவற்றுக்கும், வோல்டேஜை ஏற்றியோ இறக்கியோ கரண்ட்டை நிலையாகத் தரும் சுவிட்சிங் டிரைவர்தான் வழி. 3.7 வோல்ட் பேட்டரியால் 4.5 வோல்ட் கேட்கும் நீல டையோடைத் தானாக எரிக்க முடியாது.

டிரைவரைக் கட்டியவுடன் டையோடை இணைத்துவிடக்கூடாது. முதலில் டம்மி லோடு. சாதாரண ரெக்டிஃபையர் டையோடுகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாக. கடைசியில் ஒரு ஓம் ரெசிஸ்டர். ஆறு டையோடும் சேர்ந்து நான்கு வோல்ட்டுக்கு மேல் பிடித்து நீல லேசரைப்போலவே நடிக்கும். ஒரு ஓம் ரெசிஸ்டரின் இரு முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால், எத்தனை மில்லிவோல்ட் காட்டுகிறதோ அத்தனை மில்லிஆம்பியர். டிரைவர் உண்மையில் எவ்வளவு தருகிறது என்பதை லேசரைப் பலிகொடுக்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்று இறந்த இரவு

என் முதல் நீல டையோடு செத்தது அதிகக் கரண்ட்டால் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். டிரைவரை டம்மி லோடில் பார்த்தேன்: 980 மில்லிஆம்பியர், சுத்தமாக. டம்மி லோடைக் கழற்றினேன். வோல்டேஜ் எவ்வளவு இருக்கிறதென்று வெறும் டிரைவரை ஒருமுறை போட்டு அணைத்தேன். பிறகு லேசர் டையோடின் கால்களைச் சால்டர் வைத்தேன். இரண்டாவது கால் ஈயத்தைத் தொட்ட கணத்தில், சுவிட்ச் போடாமலேயே, சாளரத்துக்குள் ஒரு நீலச் சொடுக்கு. அவ்வளவுதான். பிறகு சுவிட்சைப் போட்டபோது, கதிர் இல்லை. உள்ளே மங்கலான நீலம் மட்டும், மின்மினிப் பூச்சிபோல.

நடந்தது இது. டிரைவரின் வெளியேறும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தது. சுமை எதுவும் இல்லாமல் டிரைவரைப் போட்டபோது, கரண்ட் போக வழியில்லாததால் வோல்டேஜ் ஏறக்குறைய அடாப்டரின் அளவுக்கே ஏறி, கெப்பாசிட்டர் எட்டு வோல்ட்டுக்கு நிரம்பிவிட்டது. அணைத்த பிறகும் அது நிரம்பியே இருந்தது. லேசரின் கால் தொட்டதும் அத்தனையும் கண்ணிமைப்பதற்குள் டையோடுக்குள் பாய்ந்தது. ஒளி வெளியேறும் அந்தச் சன்னமான முகத்தில் சாதாரண நாளிலேயே சதுர சென்டிமீட்டருக்கு மெகாவாட் கணக்கில் ஒளி அடர்ந்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு பாய்ச்சல் வந்தால் முகம் உருகிவிடும். அந்த முகம்தான் லேசரின் கண்ணாடி. ஒளியை முன்னும் பின்னும் எதிரொளித்துப் பெருக்குவது அது. கண்ணாடி போனால் ஒளி பெருகாது. லேசர் வெறும் எல்.இ.டி. ஆகிவிடும். நான் பார்த்த மின்மினி அதுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். டிரைவரை அணைத்த பிறகு, டையோடை இணைக்கும் முன், வெளியேறும் முனைகள் இரண்டையும் ஒரு ரெசிஸ்டரால் சேர்த்துக் கெப்பாசிட்டரை வடித்துவிடுவேன். சால்டர் வைக்கும்போது டையோடின் கால்களைச் சன்னக் கம்பியால் ஒன்றோடொன்று சுற்றிவைப்பேன். எல்லாம் முடிந்தபின்தான் அந்தக் கம்பியை எடுப்பேன். கையின் நிலைமின்சாரத்துக்கும் அது காப்பு. நைலான் சட்டையோடு மேசையில் உட்காருவதில்லை. சால்டரிங் அயர்னுக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். 10,000 மணி நேரம் உழைக்கக்கூடிய பொருளை மைக்ரோநொடி ஒன்றில் கொன்றவன் நான் என்பதால் இவற்றில் ஒன்றையும் விடுவதில்லை.

சூடு, கண்

இரண்டு வாட் ஒளி தரும் எம்140 டையோடுக்குள் ஏறத்தாழ எட்டு வாட் மின்சாரம் போகிறது. மிச்சம் ஆறு வாட்டும் சூடு. சால்டரிங் அயர்னின் நுனியே இருபத்தைந்து வாட்டில் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஆறு வாட் பிறப்பது எறும்பின் தலையளவு துண்டுக்குள். அது வெளியேறும் வழி தங்கத் தட்டின் பின்பக்கமும் விளிம்பும்தான். அங்கே செம்பு தொடவேண்டும். காற்று இடைவெளி இல்லாமல், முழுச் சுற்றும். டையோடைச் செம்புக் குப்பிக்குள் அழுத்திப் பொருத்தி, குப்பியை அலுமினியக் கட்டைக்குள் இறக்கி, நடுவில் வெப்பப் பசையை மெல்லிசாகப் பூசவேண்டும். பசையை அள்ளிப் பூசுவது தவறு. உலோகத்தோடு உலோகம் சேராத பொடி இடைவெளிகளை மட்டும் நிரப்புவதே அதன் வேலை. பேனா அளவு உறைக்குள் இரண்டு வாட்டை வைத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்கக்கூடாது. விசிறி வைத்த கட்டை என்றால் மணிக்கணக்கில் எரிக்கலாம். கட்டையில் விரல் வைக்க முடியவில்லையென்றால் அணைத்துவிடவேண்டும்.

கண்ணின் கதை இன்னும் கடுமையானது. கண்ணுக்குள் நுழையும் லேசர் கதிரை நம் விழிலென்ஸ் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. அடர்த்தி ஒரு லட்சம் மடங்கு ஏறலாம். 500 மில்லிவாட்டுக்கு மேற்பட்டவை நான்காம் வகுப்பு லேசர்கள். அவற்றின் நேர்க்கதிர் மட்டும் ஆபத்து என்று நினைக்கக்கூடாது. சுவரிலோ மேசையிலோ விழுந்து சிதறும் ஒளியே அருகிலிருந்து பார்த்தால் கண்ணைக் கெடுக்கும். கடிகாரக் கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவரின் மினுங்கும் தண்டு, விரலில் மோதிரம் எல்லாமே கதிரைத் திருப்பிவிடும். விழித்திரையில் எரிந்த இடம் திரும்ப முளைப்பதில்லை.

நீலத்துக்குரிய ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். 445 நானோமீட்டருக்கு ஓ.டி. 4 அல்லது அதற்கு மேல் என்று அதில் பொறித்திருக்கவேண்டும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே விடும். இரண்டு வாட் கதிர் 0.2 மில்லிவாட் ஆகிவிடும். குளிர்க்கண்ணாடி இதில் எதையும் செய்யாது. ஒரு நிறத்துக்கான கண்ணாடி இன்னொரு நிறத்துக்கு ஆகாது. டையோடைவிடக் கண்ணாடிக்கு அதிகம் செலவாகிறதே என்று தயங்குபவர், டையோடை வாங்காமலிருப்பது நல்லது. எதைச் சுடுகிறோம் என்பதும் கவனம்: பி.வி.சி. ஷீட்டைச் சுட்டால் குளோரின் கலந்த நச்சுப் புகை வரும். வானத்தை நோக்கியோ சாலையை நோக்கியோ ஒருபோதும் கூடாது. இருட்டில் விமானத்தை இறக்கிக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குள் அது போய்விழும்.

மேசையில் இப்போது

என் இரண்டாவது டையோடுக்கு ஒரு பெட்டி கட்டியிருக்கிறேன். உள்ளே கறுப்புப் பூச்சு, அடியில் செங்கல். மூடியைத் தூக்கினால் ஒரு மைக்ரோ சுவிட்ச் டிரைவரின் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்கு முன்னால் ஒரு சாவி சுவிட்ச். உள்ளே ஒரு வெப்கேமரா, கதிர் நேராகப் படாத மூலையில்.

போன மாதம் அண்ணன் மகள் வந்திருந்தாள். “சித்தப்பா, ஒருதரம் போட்டுக் காட்டுங்களேன்” என்றாள். முதலில் அவளுக்குக் கண்ணாடி மாட்டி, பக்கவாட்டில் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு எனக்கு. மூடி சாத்தினேன். கரண்ட்டை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனேன். நூறு மில்லிஆம்பியரில் வெப்கேமராவின் திரையில் தெரிந்தது மங்கலான நீலம். செத்துப்போன டையோடு காட்டிய அதே மின்மினி. இருநூறை ஒட்டி ஏதோ ஒரு புள்ளியில் அது சட்டென்று கூர்மையாகித் தெறித்தது. அந்த வாசலைத் தாண்டும்வரை எல்.இ.டி., தாண்டியபின் லேசர். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது. வேப்பம்பலகையில் அவள் பெயர் எழுத்தெழுத்தாகப் புகைந்து விழுந்தது.

“மூடியைத் திறந்து நேரா பார்க்கலாமா?” என்றாள்.

“கூடாதும்மா” என்றேன். திறந்தாலும் எரியாது என்பது எனக்குத் தெரியும். அந்தச் சுவிட்சை நம்பித் திறந்து பழகக்கூடாது என்பதும் தெரியும். சாவியைத் திருப்பி அணைத்தேன், விசிறி கட்டையை ஆற்றும்வரை காத்திருந்தேன், பிறகு மூடியைத் திறந்து பலகையை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஊருக்குப் போகும்வரை சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.